இந்த மாதப் பாடம்: அளவு தெரிந்து வாங்குவோம் – பால் கொடுக்கும் தாய்க்கு ஏற்ற உள்ளாடை



சேமிப்பு, கடன், வட்டிக் கணக்கு, பதிவேடு என்று பல பாடங்களை நம் கூட்டங்களில் படித்துவிட்டோம். இந்த மாதம் கொஞ்சம் கூச்சப்படுகிற விஷயம். கூச்சப்பட்டே நாம் பேசாமல் விட்ட விஷயம். பாடி என்றும் பிரா என்றும் சொல்கிறோமே, அந்த உள்ளாடையைப் பற்றித்தான் பாடம். அதிலும் கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கிற, மார்பு கொஞ்சம் பெரிதாக உள்ள பெண்கள் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதைப் படிக்கப் போகிறோம்.

"இதுக்கெல்லாமா ஒரு பாடம்?" என்று சிரிக்க வேண்டாம். முதலில் ஒரு தங்கச்சியின் கதையைக் கேளுங்கள்.

ஒரு தங்கச்சியின் கதை

பக்கத்து ஊர்க் குழுவில் ஒரு தங்கச்சி. முதல் பிரசவம். பிள்ளைக்கு ஐந்து வாரம். ஒரு நாள் வலது மார்பில் கல்லு மாதிரி ஒரு கட்டி. மறுநாள் அந்த இடம் சிவந்து, குளிர்க் காய்ச்சல் வந்துவிட்டது. பிள்ளை வாய் வைத்தாலே உயிர் போகிற வலி. வீட்டில் மாமியார் பயந்துபோய், "பெரிய மாருல பால் சரியா இறங்காதும்மா. டப்பா பால் வாங்கிக் குடுத்துருவோம்" என்று சொல்லிவிட்டார். அந்தத் தங்கச்சியும் பாலை நிறுத்திவிடலாம் என்ற முடிவுக்கே வந்துவிட்டார்.

நல்ல வேளை, அன்று கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கு வந்தார். பார்த்ததும் ஒரே கேள்விதான் கேட்டார்.

"உள்ள என்னம்மா போட்டிருக்க?"

"பழைய பாடிதாங்க நர்சம்மா. கல்யாணத்துக்கு முன்னாடி வாங்குனது."

கழற்றிப் பார்த்தால், கட்டி இருந்த இடத்துக்கு மேலேயே பாடியின் ஓரம் அழுத்தின தடம் ஆழமாக இருந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பி, டாக்டர் மருந்து கொடுத்து, பாலும் நிற்காமல் கொடுத்து, நான்கைந்து நாளில் சரியாகிவிட்டது.

கதை அதோடு முடியவில்லை. புதுப் பாடி வாங்க நாத்தனாரோடு கடைக்குப் போனார். கடையில் ஆம்பளைப் பையன். அளவு சொல்ல வெட்கம். "கொஞ்சம் பெருசா குடுங்க" என்றார். அவன் 40 நம்பரை எடுத்துக் கொடுத்துவிட்டான். வீட்டில் வந்து போட்டால் முதுகுப் பக்கம் மேலே ஏறுகிறது. இழுத்துக் கட்ட, தோள்பட்டி சதையை அறுக்கிறது. ஒரே வாரத்தில் கழுத்தும் தோளும் வலி.

முதல் தடவை கப் சிறிது. இரண்டாம் தடவை அடிப்பட்டை பெரிது. இரண்டுமே தப்பு. இந்த இரண்டு தப்பையும் எப்படித் தவிர்ப்பது என்பதுதான் இன்றைய பாடம்.

முதலில் சில தப்பான நம்பிக்கைகள்

மார்பு பெரிதாக இருந்தால் பால் அதிகம் என்பதும் தப்பு, பால் இறங்காது என்பதும் தப்பு. மார்பின் பருமனுக்குக் காரணம் பெரும்பாலும் கொழுப்பு. பாலைச் சுரப்பது உள்ளே இருக்கும் பால் சுரப்பிகள். பிள்ளை எவ்வளவு குடிக்கிறதோ அதற்குத் தக்கபடி பால் ஊறும்.

பால் கொடுத்தால் மார்பு தொங்கிவிடும் என்பதும் சரியல்ல. கர்ப்ப காலத்தில் மார்பு பெருத்துப் பின் சுருங்குவது, வயது, எத்தனை பிரசவம் என்பவைதான் அதற்கு முக்கியக் காரணங்கள். அழகு போய்விடும் என்று பயந்து பாலை நிறுத்த வேண்டாம்.

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால், முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும், அதன் பிறகு மற்ற உணவோடு 2 வயது வரையும் அதற்கு மேலும் தாய்ப்பால் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அவ்வளவு காலம் ராத்திரி பகலாக உடம்போடு ஒட்டியிருக்கிற துணி இந்த உள்ளாடை. அதனால்தான் இது சின்ன விஷயம் இல்லை.

எப்போது வாங்குவது?

கர்ப்பத்திலேயே மார்பு பெருக்கத் தொடங்கும். பிரசவம் ஆகி இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் பால் நிறைய ஊறி மார்பு விம்மும். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் பிள்ளையின் தேவைக்குத் தக்கபடி அடங்கிவிடும். ஆகவே எல்லாவற்றையும் ஒரே தடவையில் வாங்கிக் குவிக்க வேண்டாம்.

எட்டாம் ஒன்பதாம் மாதத்தில் கம்பி இல்லாத, இழுவை உள்ள, மெத்தென்ற பருத்தி பாடி இரண்டு வாங்கினால் போதும். முதல் சில வாரங்களுக்கு அது உதவும். மார்பு ஒரு நிலைக்கு வந்த பிறகு மறுபடி அளந்து, நல்லதாக வாங்கலாம். மொத்தம் மூன்று இருந்தால் வசதி. உடம்பில் ஒன்று, கொடியில் ஒன்று, பெட்டியில் ஒன்று.

அளவு எடுப்பது எப்படி?

டெய்லர் வைத்திருக்கும் இஞ்ச் டேப் போதும். டேப் இல்லாவிட்டால் ஒரு நூல் கயிற்றால் சுற்றி, பிறகு ஸ்கேலில் வைத்துப் பாருங்கள். குழுவில் தையல் தெரிந்த அக்கா ஒருவர் உதவினால் இன்னும் நல்லது. மெல்லிய நைட்டியின் மேலேயே அளக்கலாம்.

அளவு ஒன்று: மார்புக்கு நேர் கீழே, விலா எலும்பின் மேல் சுற்றிலும் டேப்பை ஒட்டினாற்போல் வைத்து அளக்க வேண்டும். மூச்சை வெளியே விட்டபடி அளக்கவும். இது கீழ் அளவு.

அளவு இரண்டு: மார்பு எடுப்பாக உள்ள இடத்தில், காம்புக்கு நேராக, டேப்பை இறுக்காமல் சுற்றி அளக்க வேண்டும். இது மேல் அளவு. மார்பு பெரிதாக, தளர்ந்து இருந்தால் மெல்லிய பாடியைப் போட்டுக்கொண்டோ, கையால் ஏந்திக்கொண்டோ அளக்கவும். டேப் முதுகில் கீழே சரியாமல் நேராக இருக்கட்டும்.

இப்போது கணக்கு. நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் பல கம்பெனி பாடிகளுக்கு, கீழ் அளவோடு 4 அல்லது 5 கூட்டினால் வரும் இரட்டைப்படை எண்தான் நம்பர். கீழ் அளவு 30 என்றால் 34. 31 என்றால் 36. 32 என்றாலும் 36.

அடுத்து, மேல் அளவிலிருந்து அந்த நம்பரைக் கழியுங்கள். மிச்சம் 1 என்றால் கப் ஏ. 2 என்றால் பி. 3 என்றால் சி. 4 என்றால் டி. 5 என்றால் டபுள் டி.

நம் தங்கச்சிக்குக் குழுவில் உள்ள டெய்லர் அக்கா அளந்தார். கீழ் அளவு 32, மேல் அளவு 40. நம்பர் 36. நாற்பதில் முப்பத்தாறு போனால் மிச்சம் 4. ஆக அவர் வாங்க வேண்டியது 36 டி. கடைப் பையன் கொடுத்தது 40 பி.

இங்கேதான் பெரிய மார்பு உள்ள பெண்கள் எல்லோரும் ஏமாறுகிற இடம் இருக்கிறது. நம்பர் என்பது மார்பின் அளவு இல்லை. அது முதுகைச் சுற்றி வரும் அடிப்பட்டையின் அளவு. மார்பின் பருமனைச் சொல்வது பி, சி, டி என்ற எழுத்து. 40 பி, 38 சி, 36 டி மூன்றிலும் கப்பின் கொள்ளளவு ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் பட்டை வேறு. நம் தங்கச்சிக்கு 40 போட்டால் கப் பொருந்தினாலும் பட்டை நாலு இஞ்ச் தொளதொள என்று நிற்கும். மார்பு பெரிதாக இருந்தால் நம்பரைக் கூட்டாதீர்கள். எழுத்தைக் கூட்டுங்கள்.

கம்பெனிக்குக் கம்பெனி அளவு கொஞ்சம் மாறும். அட்டைப்பெட்டியின் பின்னால் உள்ள அளவுப் பட்டியலையும் பாருங்கள். நம் கணக்கு வழி காட்டத்தான். போட்டுப் பார்த்துச் சோதிப்பதுதான் முடிவு.

பொருந்துகிறதா? ஐந்து சோதனை

1. பட்டைச் சோதனை: புதுப் பாடியைக் கடைசிக் கொக்கியில், அதாவது தளர்வான கொக்கியில் மாட்டுங்கள். நாளாக நாளாக எலாஸ்டிக் தளரும்போது உள் கொக்கிக்கு மாறிக்கொள்ளலாம். பட்டைக்கும் உடம்புக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைய வேண்டும். அதற்கு மேல் இடம் இருந்தால் தளர்வு. கையைத் தூக்கினால் பட்டை மேலே ஏறக் கூடாது.

2. தோள்பட்டிச் சோதனை: பாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தோள்பட்டியையும் தோளிலிருந்து கீழே தள்ளுங்கள். பாடி பெரும்பாலும் இருந்த இடத்திலேயே நின்றால் பட்டை பாரத்தைத் தாங்குகிறது என்று அர்த்தம். பொதுக்கென்று கீழே இறங்கினால் பாரம் முழுவதும் தோளில்தான் தொங்குகிறது. பெரிய மார்புக்குத் தோள்பட்டி இரண்டு விரல் அகலமாவது இருக்கட்டும். கயிறு போல மெல்லியது வேண்டாம்.

3. கப் சோதனை: மேல் ஓரத்திலோ கக்கத்துப் பக்கமோ சதை பிதுங்கக் கூடாது. பால் நிறைந்திருக்கும் நேரத்தில், அதாவது பிள்ளைக்குக் கொடுப்பதற்கு முன் போட்டுப் பாருங்கள். அப்போதும் இறுக்கம் இல்லாமல், உள்ளே ஒரு துணி மடிப்பு வைக்க இடம் இருந்தால் சரியான அளவு.

4. திறப்புச் சோதனை: பால் கொடுக்க ஒரு கையால் கொக்கியைக் கழற்றி மாட்ட முடிகிறதா பாருங்கள். இன்னொரு கையில் பிள்ளை இருக்குமே! திறந்த பிறகு துவாரம் பெரிதாக இருக்க வேண்டும். சில பாடியில் காம்பு மட்டும் வெளியே வருகிற மாதிரி சின்னத் துவாரம் இருக்கும். பெரிய மார்பை அந்த ஓரம் சுற்றிலும் அழுத்தும். கப் முழுக்கக் கீழே இறங்குகிற மாதிரி உள்ளதுதான் நல்லது.

5. தடச் சோதனை: ராத்திரி கழற்றிய பிறகு பாருங்கள். லேசான கோடு சீக்கிரம் மறைந்துவிடும், பரவாயில்லை. ஆழமான தடம், தொட்டால் வலி என்றால் அந்தப் பாடி உங்களுக்கு ஆகாது.

கம்பி வைத்த பாடி முதல் மாதங்களில் வேண்டாம். கம்பி இடம் மாறி மார்பின் மேல் உட்கார்ந்தால் ஒரே இடத்தில் அழுத்திக்கொண்டே இருக்கும்.

கடையில் கூச்சப்படாமல்

அளவை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போங்கள். "36 டி, பால் குடுக்குற அம்மாவுக்கு, முன்னாடி திறக்குறது, பருத்தி" என்று எழுதி நீட்டினால் போதும். வாயால் சொல்லவே வேண்டியதில்லை. பெண் விற்பனையாளர் இருந்தால் கேளுங்கள். உள்ளாடையைப் பல கடைகளில் திரும்ப எடுப்பதில்லை. ஆகவே "அளவு சேரலைன்னா மாத்திக் குடுப்பீங்களா?" என்று வாங்கும் முன்பே கேட்டு, பில்லும் வாங்குங்கள். முதலில் ஒன்று மட்டும் வாங்கி, இரண்டு நாள் போட்டுப் பார்த்துவிட்டு மற்றதை வாங்குங்கள்.

"டி கப் இங்க வராதும்மா, 40 போட்டுக்கோங்க" என்று சொன்னால் எடுத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். பத்துப் பெண்கள் சேர்ந்து கேட்டால் அடுத்த தடவை கடைக்காரர் வரவழைத்துத் தருவார். சங்கத்துக்கு இருக்கிற பலம் இதற்கும் உதவும்.

டெய்லர் அக்காக்களுக்கு

பால் கொடுப்பதற்கென்றே உள்ள பாடி கிடைக்கவில்லையா? நன்றாகப் பொருந்துகிற சாதாரணப் பருத்தி பாடியையே மாற்றித் தைக்கலாம். தோள்பட்டி கப்பின் மேல் முனையில் சேரும் இடத்தைப் பிரித்து, அங்கே ஒரு கொக்கியும் வளையமும் வைக்க வேண்டும். அதோடு விட்டால் கொக்கியைக் கழற்றியதும் தோள்பட்டி பின்னால் ஓடிவிடும். அதனால் தோள்பட்டியின் முனையிலிருந்து கக்கத்தின் ஓரமாகக் கீழே அடிப்பட்டை வரை ஒரு பருத்தி நாடாவைத் தைத்து இணைத்துவிட வேண்டும். கப் இறங்கினாலும் நாடா தோள்பட்டியைப் பிடித்து நிற்கும். தையல் மடிப்பு உள்பக்கம் துருத்தாமல் தட்டையாக இருக்கட்டும்.

பட்டை மட்டும் இறுக்கமாக இருந்தால் கொக்கி வைத்த நீட்டிப்புத் துண்டு ஒன்று தைத்துச் சேர்க்கலாம். கப் சிறிதாக இருந்தால் இந்த வைத்தியம் பலிக்காது. வேறு பாடிதான் வாங்க வேண்டும்.

துவைப்பதும் காய வைப்பதும்

நாம் எல்லோரும் செய்கிற ஒரு காரியம் இருக்கிறது. உள்ளாடையை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று சேலைக்கு அடியில் மறைத்துக் காயப்போடுவோம். அரைகுறையாகக் காய்ந்ததை மறுநாள் போட்டுக்கொள்வோம். ஈரத் துணியில் பூஞ்சை வளரும். பெரிய மார்பு உள்ளவர்களுக்கு மார்பின் அடி மடிப்பில் வேர்வை தேங்கி, சிவந்து, அரிப்பும் புண்ணும் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். காற்றும் வெளிச்சமும் படும்படி கொடியில் போடுங்கள். துணிதானே, அதில் என்ன வெட்கம்?

கல்லில் அடித்துத் துவைத்தாலும் முறுக்கிப் பிழிந்தாலும் எலாஸ்டிக் செத்துப்போகும். கொக்கியை மாட்டிவிட்டு, கையால் கசக்கி அலசுங்கள். தினமும் மாற்றுங்கள்.

குளித்த பிறகு மார்பின் அடி மடிப்பை ஒற்றித் துடைத்து உலரவிட்டுப் பிறகு பாடி போடுங்கள். பால் கசிந்தால் பழைய வேட்டித் துணியை வட்டமாக வெட்டி, நாலைந்து மடிப்பு சேர்த்துத் தைத்து உள்ளே வைத்துக்கொள்ளலாம். நனைந்ததும் மாற்றிவிட வேண்டும். அரிப்பும் சிவப்பும் குறையவில்லை என்றால் செவிலியரிடம் காட்டுங்கள்.

தூங்கும்போது பாடி கட்டாயம் இல்லை. போடாமல் இருப்பதால் பால் குறையாது. பாரமாக இருக்கிறது, கசிகிறது என்றால் மெத்தென்ற தளர்வான ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம்.

பால் கட்டிக்கொண்டால்

இறுக்கமான பாடி மட்டும்தான் காரணம் என்று சொல்ல முடியாது. பிள்ளை சரியாக வாய் பிடிக்காமல் போனாலும், வெகுநேரம் பால் கொடுக்காமல் விட்டாலும் கட்டும். கட்டியும் வலியும் தெரிந்தால் இதைச் செய்யுங்கள்.

முதலில் இறுக்கமான பாடியைக் கழற்றி, மெத்தென்று தாங்குகிற ஒன்றைப் போடுங்கள். பிள்ளை கேட்கும்போதெல்லாம் பால் கொடுங்கள். அந்தப் பக்கத்துப் பாலும் பிள்ளைக்குக் கெடுதல் இல்லை. கொடுத்த பிறகு குளிர்ந்த நீரில் நனைத்த துணியை ஒற்றினால் வீக்கமும் வலியும் குறையும். கட்டியை அழுத்திப் பிசையவோ, தேய்த்து உருவவோ கூடாது. நம் பாட்டிமார் அப்படிச் செய்திருக்கலாம். ஆனால் அப்படிப் பிசைந்தால் உள்ளே புண்ணாகி வீக்கம் கூடும் என்று இப்போது மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

காய்ச்சல், குளிர், மார்பில் சிவப்பு பரவுவது இவற்றில் எது வந்தாலும் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விடுங்கள். தள்ளிப்போட்டால் சீழ் பிடிக்கலாம். காய்ச்சலே இல்லாவிட்டாலும் கட்டி இரண்டு வாரத்துக்கு மேல் கரையாமல் இருந்தால் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும்.

பெரிய மார்பு உள்ள தாய் பால் கொடுக்கும்போது, மார்பின் கீழே சுருட்டிய துண்டு ஒன்றை வைத்தால் பாரம் தாங்கும். பிள்ளையைக் கக்கத்துப் பக்கமாக அணைத்து, கால் பின்னால் போகும்படி பிடித்தால் பிள்ளை வாய் பிடிப்பது கண்ணுக்கு நன்றாகத் தெரியும். மூக்கு அழுந்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு வார்த்தை

அந்தத் தங்கச்சியின் பிள்ளைக்கு இப்போது ஒன்பது மாதம். கூழும் பருப்புச் சோறும் சாப்பிட்டுக்கொண்டு, தாய்ப்பாலும் குடிக்கிறது. போன கூட்டத்தில் அவரே எழுந்து, "அக்கா, பாலை நிறுத்தியிருந்தா காரணம் என்னன்னே தெரியாம போயிருக்கும். ஒரு பாடிக்காகன்னு யாரு நினைச்சா?" என்று சொன்னார். எல்லோரும் சிரித்தோம். பிறகு யாரும் பேசவில்லை. எத்தனை பேர் இப்படிச் சொல்லாமலே கஷ்டப்பட்டிருப்போம் என்று எல்லோருக்கும் தோன்றியிருக்கும்.

கணவருக்குச் சட்டை எடுக்கும்போது கழுத்தளவு சொல்லி வாங்குகிறோம். பிள்ளைக்குச் செருப்பு வாங்கும்போது காலில் போட்டு நடக்கவிட்டுப் பார்க்கிறோம். நமக்கு மட்டும் ஏன் குத்துமதிப்பு?

கூட்டத்தில் பேச:

1. பாடியின் நம்பர் எதைக் குறிக்கிறது? எழுத்து எதைக் குறிக்கிறது?
2. கீழ் அளவு 30, மேல் அளவு 38 உள்ள பெண்ணுக்கு என்ன அளவு? எல்லோரும் கணக்குப் போட்டுப் பாருங்கள். (விடை: 34 டி)
3. நம் குழுவில் கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள் எத்தனை பேர்? அவர்களை அளக்க உதவுவது யார்?
4. பால் கட்டிக் காய்ச்சல் வந்தால் யாரிடம் போக வேண்டும்?

இந்த மாத வேலை: ஒவ்வொரு குழுவும் ஒரு இஞ்ச் டேப் வாங்கிப் பதிவேட்டுப் பெட்டியில் வைக்கவும். கூட்டம் முடிந்ததும் ஆண்கள் இல்லாத இடத்தில், விருப்பமுள்ளவர்கள் அளந்து, தங்கள் அளவைத் தாங்களே காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளவும். அளவைச் சத்தமாகச் சொல்லவோ, யாரையும் கேலி செய்யவோ வேண்டாம்.